வளரும் பிள்ளையும் வளராத குழாயும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பவரின் கண்ணை முதலில் கவர்வது மண்ணை வாரிக் கொட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களே ஆயினும், அவ்வியந்திரங்கள் அங்கே இறங்கி நிற்பதற்கு இடங்கொடுத்திருப்பவை, ஆழ்துளைகளில் இறக்கப்பெற்று இரவு பகல் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருக்கும் பம்புகள்தாம் என்பதை இவ்வூரில் சில ஆண்டுகள் குடியிருந்தவர் எவரும் அறிவர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருக்கும் மண்ணின் பாரத்தை அகற்றிவிட்டு, அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் விட்டால், சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிட்டெழும். 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார் என்றாலும், முதற் கரி கண்ணுக்குப் புலப்பட்டது 1961 ஆகஸ்டில்தான். அதற்குள் இந்த நீருக்கு ஒரு வழி செய்தாக வேண்டியிருந்தது.

இந்தச் செய்தியை ஒரு வைத்திய விஷயத்திற்கு முன்னுரையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இருதயத்திலிருந்து புறப்பட்டு, மேலே எழுந்து, இடப்புறமாக வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகின்ற மகாதமனிக்குள், ஆரோக்கியமான ஒரு வாலிபனிடத்தில், இருதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர். சுரங்கக் கணக்கில் சொன்னால் சதுர சென்டிமீட்டருக்கு 0.16 கிலோகிராம். நம் காலடியில் கிடக்கும் நீரின் அழுத்தத்தில் அது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். அந்த அற்ப அழுத்தமே, தமனியின் சுவர் முழுதும் கிழிந்துபோன வேளையில், சில நிமிஷங்களுக்குள் உயிரைப் போக்கிவிடப் போதுமானது. விபத்தில் மகாதமனி கிழிந்த குழந்தையை, மார்பைத் திறக்காமலே, தொடைத் தமனியின் வழியாக உறையிட்ட ஒரு ஸ்டென்ட் குழாயை ஏற்றிக் காப்பாற்றுகின்ற முறை சென்ற இருபது ஆண்டுகளில் உலகின் பல பாகங்களிலும் கையாளப்பட்டு வருகிறது. அதன் அருமையையும், அதற்குள் மறைந்து கிடக்கும் ஒரு நெடுங்காலக் கடமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழிசல் எங்கே, எதனால் நேருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கடலூரிலிருந்து வடலூர் வழியாக வரும் நெரிசலான பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால், கம்பியைப் பிடித்து நிற்பவரின் உடல் முன்னே பாய, கை மட்டும் கம்பியோடு நின்றுவிட, தோள்மூட்டு இழுபட்டு வலிப்பதை அனுபவியாதவர் நம்மில் குறைவு. மார்புக்குள் நடப்பதும் ஏறத்தாழ அதுவே. மகாதமனியின் வளைவு இருதயத்தோடு சேர்ந்து ஆடக்கூடியது. வளைவைத் தாண்டிக் கீழிறங்கும் பகுதியோ விலாத் தமனிகளால் பிணைக்கப்பட்டு முதுகெலும்போடு ஒட்டி நிற்பது. இடக்கைக்குச் செல்லும் கிளைத் தமனி பிரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, தாயின் வயிற்றில் இருந்த காலத்தில் நுரையீரல் தமனிக்கும் மகாதமனிக்கும் பாலமாயிருந்து, பிறந்தபின் தூர்ந்துபோன ஒரு நாளத்தின் எச்சம், கயிறுபோல் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. ஆடும் பகுதியும் ஆடாப் பகுதியும் சந்திக்கும் அந்தக் குறுகிய இடத்தில்தான், விரைந்து சென்ற சரீரம் சட்டென்று தடுத்து நிறுத்தப்படும்போது, பெரும்பாலும் கிழிசல் விழுகிறது. இது ஒன்றே காரணம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே தமனி நசுங்குகிறது என்பார் ஒரு சாரார். மார்பு அமுங்கும் கணத்தில் ஓடும் இரத்தம் தடைப்பட்டு, எதிரலையாகத் திரும்பிச் சுவரை மோதுகிறது என்பார் மற்றொரு சாரார். அனல்மின் நிலையத்தில் குழாய்களோடு பழகிய ஊழியர் ஒருவரிடம் இந்தப் பின்னைய வாதத்தைச் சொன்னால், ‘வாட்டர் ஹாமர்’ என்று அவரே பெயர் சொல்லிவிடுவார். வைத்திய நூல்களிலும் அதற்கு அதே பெயர்தான்.

குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு மகாதமனி சேதமுற்று மாண்ட ஒருவரைப் பற்றி, உடற்கூற்றியலின் பிதாமகராகிய ஆந்திரேயாஸ் வெசேலியஸ் 1557ஆம் ஆண்டிலேயே குறித்துவைத்தார். அதன்பின் நானூறு ஆண்டுகள் இந்தக் காயம் பிரேதப் பரிசோதனை மேசைக்கே உரியதாயிருந்தது. 1958ல், அமெரிக்க ராணுவ நோய்க்குறியியல் நிலையத்தில் சேர்ந்திருந்த ஏடுகளை ஆராய்ந்து பார்ம்லியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, இவ்விதம் காயமுற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேர் ஆஸ்பத்திரியை எட்டுமுன்னரே உயிர் துறக்கிறார்கள் என்ற கணக்கை உலகின் முன் வைத்தது. எஞ்சியவர் எப்படி எஞ்சினர் என்பதே சிகிச்சைக்கெல்லாம் ஆதாரமான கேள்வி. தமனியின் சுவர் மூன்றடுக்கு உடையது. உள்ளடுக்கும் நடுவடுக்கும் கிழிந்துவிட, வெளியடுக்கு மட்டும், மேலே போர்த்திய மெல்லிய சவ்வின் துணையோடு, உப்பிய பலூன்போல் இரத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சில மணி நேரமோ, சில நாளோ, அரிதாகச் சில ஆண்டுகளோ, அந்த மென்மையான அடுக்கு தரும் தவணைதான் வைத்தியனுக்குக் கிடைத்த அவகாசம்.

குழந்தைகளிடத்தில் இக்காயம் மிக அபூர்வம். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் சிறுவர்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டுவதில்லை என்பதே பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அபூர்வமாயிருப்பதே அபாயமாகவும் ஆகிறது. முதியவரின் விலாவெலும்பு முறிந்து, ‘உள்ளே பார்’ என்று எச்சரிக்கை செய்யும். பிள்ளையின் விலாவோ இளமூங்கிலைப்போல் வளைந்து, மோதிய விசையை அப்படியே உள்ளுறுப்புகளுக்குக் கடத்திவிட்டுத் தான் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். மேலே ஒரு சிராய்ப்பு மட்டும் தெரிய, உள்ளே தமனி கிழிந்திருக்கக்கூடும். மேலும், இரத்தம் கணிசமாக இழந்த பின்னும் குழந்தையின் நாளங்கள் தம்மை இறுக்கிக்கொண்டு அழுத்தத்தைக் காப்பாற்றிக் காட்டும் ஆற்றல் உடையவை. ஆதலால் அழுத்தம் சரியாயிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்புவது கூடாது. மார்பு எக்ஸ்ரேயில் நடுநிழல் அகன்றிருப்பது, கைக்கும் காலுக்கும் நாடித்துடிப்பில் வித்தியாசம் இருப்பது ஆகிய குறிகள் சந்தேகத்தை எழுப்பும். சிரையில் மருந்தேற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோவே அதை நிச்சயப்படுத்தும்.

நெய்வேலி நகரியத்துக்குள், வட்டம் வட்டமாக வகுத்து மரநிழல் கவிந்த அகன்ற சாலைகளில், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவதைக் காண மனத்துக்கு நிம்மதியாக இருக்கும். நகரியத்தின் வாயிலாகிய ஆர்ச் கேட்டைத் தாண்டி வெளியே வந்தவுடன் அந்த நிம்மதி அகன்றுவிடுகிறது. சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் லாரிகளும் விரைவுப் பேருந்துகளும் ஓடுகையில், அவற்றின் ஓரத்திலேயே தகப்பனார் ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் தாயாரின் மடியில் இன்னொன்று அமர, ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே செல்லும் காட்சி நமக்குப் பழகிப்போய்விட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர்; அவ்வாண்டில் நாட்டிலேயே அதிகமான விபத்துகள், அதாவது 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால், அதற்கு இடுப்பு வார் பூட்டித் தலைக்கவசம் அணிவிக்க வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அவ்விதியை அறிந்தவர் எத்தனை பேர் என்று நம் தெருமுனையில் நின்று கேட்டுப் பார்க்கலாம். சாலை மட்டுமே காரணம் என்பதும் இல்லை. பண்ணுருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் காய்க்கும் பருவத்தில் மரமேறித் தவறி விழும் சிறுவர்கள் உண்டு. உயரத்திலிருந்து வீழ்ந்து தரையில் மோதுவதும், தமனியைப் பொறுத்தமட்டில், ஓடும் வாகனம் மோதி நிற்பதற்குச் சமானமே.

அடிபட்ட பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முதற் காரியம் எது என்று கேட்டால், கிழிந்த இடத்தை உடனே தைப்பது என்றே எவரும் எண்ணுவர். நெடுநாள் வைத்தியர்களும் அப்படித்தான் எண்ணினர். அனுபவம் அதை மாற்றிவிட்டது. வெளியடுக்கு தாங்கி நிற்கும்வரையில், இருதயத்தின் வேகத்தையும் ஒவ்வொரு துடிப்பின் விசையையும் மருந்தால் தணித்து, அழுத்தத்தை வயதுக்கேற்ற கீழ் எல்லையில் நிறுத்திவைத்தால், அந்த அடுக்கு பிளந்துபோகும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிறகு மண்டைக் காயம், வயிற்றினுள் இரத்தப்போக்கு முதலிய அவசரங்களை முதலில் கவனித்துவிட்டுத் தமனிக்குத் திரும்ப நேரம் கிடைக்கிறது. சுரங்கத்தில் தரையைக் கான்கிரீட்டால் பூசிப் பலப்படுத்த எவரும் முனையவில்லை, நீரழுத்தத்தையே முதலில் இறக்கினார்கள் அல்லவா? அதே நியாயம்தான். ஆனால் மனித சரீரத்தில் ஒரு சங்கடம் உண்டு: மண்டையில் அடிபட்டு மூளை வீங்கியிருக்கும் பிள்ளைக்கு, மூளைக்கு இரத்தம் ஏற வேண்டுமானால் அழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும், தமனிக்கு அது தாழ்ந்திருக்க வேண்டும். ஒரே விபத்தில் இரண்டும் நேர்வது சகஜம். அந்த இரண்டு நியாயங்களுக்கு நடுவே எண்ணைத் தேர்ந்தெடுத்து நிற்பது, மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வைத்தியரும் இரவு முழுதும் கண்விழித்துச் செய்கிற வேலை. எந்தப் புத்தகமும் அதை அவர்களுக்காகச் செய்துகொடுப்பதில்லை.

திறந்த ரண சிகிச்சையின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். இடப்புற விலாக்களுக்கு நடுவே மார்பைத் திறந்து, ஒரு நுரையீரலை ஒதுக்கி, கிழிசலுக்கு மேலும் கீழும் இடுக்கி போட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, சேதமுற்ற பகுதியை நீக்கிவிட்டு நெய்த டாக்ரான் குழாயை வைத்துத் தைக்க வேண்டும். இடுக்கி இருக்கும் நேரத்தில் கீழுடம்புக்கும் முதுகுத் தண்டுக்கும் இரத்தம் போவது குறைகிறது. அரை மணியைத் தாண்டினால், பிழைத்தெழுந்த நோயாளியின் கால்கள் இரண்டும் விழுந்துபோகும் ஆபத்து கூடிக்கொண்டே செல்லும். இடுக்கி போடும் வேளையில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுத்தால், மண்டைக்குள் கசியும் இரத்தம் நிற்காது. பிழைத்தார் பலர், ஆயினும் விலை பெரிது.

மார்பைத் திறவாமலே இதைச் செய்யலாம் என்று முதன்முதலில் செய்து காட்டியவர் நிக்கலாய் வலோதஸ். அன்றைய சோவியத் யூனியனைச் சேர்ந்த கார்கிவ் நகரத்து வைத்தியர். 1987 மார்ச் மாதத்தில், பழைய விபத்தினால் மார்பு மகாதமனி புடைத்திருந்த ஒரு நோயாளிக்கு, தானே விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும் கம்பிச் சட்டத்தில் துணிக்குழாயைப் பூட்டி, தமனி வழியாகவே உள்ளே செலுத்தி நிறுத்தினார். ருஷ்ய மொழியில் எழுதப்பட்டதால் மேல்நாட்டார் அதை நெடுங்காலம் அறியவில்லை. 1990ல் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஜுவான் பரோடி வயிற்று மகாதமனியில் செய்த சிகிச்சையையும், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் மார்புப் பகுதியில் செய்ததையுமே உலகம் ஆரம்பமாகக் கொண்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்து, 1962ல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020ல் நிறுத்தப்பட்டது. அதைக் கட்டிக்கொடுத்த தேசத்திலிருந்தே இந்தச் சாதனத்தின் மூலக் கருத்தும் பிறந்தது என்பதை நகரியத்துப் பழைய ஊழியர்கள் அறிந்தால் சற்றே மகிழக்கூடும்.

சாதனம் இதுதான்: நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கம்பியால் பின்னிய சட்டம், அதன்மேல் பாலியெஸ்டர் அல்லது டெஃப்லான் இனத்துத் துணி உறை. சுருக்கி ஒரு மெல்லிய குழலுக்குள் அடக்கித் தொடைத் தமனியில் நுழைத்து, கேத் லேப் என்னும் ஆஞ்சியோ அறையில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே கிழிசல் வரையில் ஏற்றி, குழலைப் பின்வாங்கினால், சட்டம் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது; இரத்தம் உறைக்குள் ஓட, கிழிசல் வெளியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்க விபத்து ரண சிகிச்சைச் சங்கம் நடத்திய இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இம்முறை விளைத்த மாறுதல் புலனாகும். 1997ல் வெளியான முதலாய்வில் ஸ்டென்ட் குழாய் வைக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த இரண்டாவதில் மூன்றில் இரு பங்கினருக்கு அதுவே சிகிச்சை. இடைக்காலத்தில் மரணம் நூற்றுக்கு 22லிருந்து 13 ஆகவும், சிகிச்சையால் கால் விழுந்துபோதல் 8.7லிருந்து 1.6 ஆகவும் இறங்கின. சிகிச்சையைச் சற்றுத் தள்ளிப்போடும் வழக்கமும் அந்த இறக்கத்தில் பங்குகொண்டது என்பதை மறக்கலாகாது. மார்பு மகாதமனிக்கான குழாய்க்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டகம் 2005ல் முதல் அனுமதி தந்தது. விபத்துக் காயத்துக்கென்றே தனி அனுமதி 2012ல் வந்தது. அந்த எண்களும் அனுமதிகளும் முதிர்ந்த உடலைக் கணக்கிட்டு எழுந்தவை. குழந்தைகளுக்கு இதைக் கையாளும்போதெல்லாம், வேறொருவருக்குத் தைத்த சட்டையையே நாம் எடுத்துப் போடுகிறோம்.

அளவு பொருந்தாமை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் கீழிறங்கும் மகாதமனி ஏறக்குறைய 12 முதல் 14 மில்லிமீட்டர் விட்டமுடையது. பெயர்பெற்ற மார்புக் குழாய் ஒன்றின் மிகச் சிறிய அளவோ 21 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டருக்குக் குறைந்த தமனிக்கு ஆகாதது. சிறிய தமனிக்குள் பெரிய குழாயைத் திணித்தால், அது முழுதும் விரிய மாட்டாமல் மடிப்பு விழுந்து, இரத்தம் மோதும்போது உள்நோக்கிச் சரிந்து, ஓட்டத்தையே அடைத்துவிடக்கூடும். இளவயதினரிடத்தில் இவ்விபரீதம் நேர்ந்ததுண்டு. இளமையில் மகாதமனியின் வளைவு கூர்மையாகத் திரும்புவதால், குழாயின் முன் விளிம்பு உட்புறச் சுவரோடு பொருந்தாமல் பறவையின் அலகுபோல் தூக்கி நிற்கும். அந்த இடுக்கில் புகும் இரத்தமே சரிவுக்குத் துணைபோகிறது. குழாயை ஏற்றிச் செல்லும் குழலின் பருமன் பல சாதனங்களில் 6 முதல் 8 மில்லிமீட்டர். சிறுவனின் தொடைத் தமனியோ அதைவிடக் குறுகியது. ஆதலின் அடிவயிற்றைக் கீறி இடுப்புத் தமனியிலோ, வயிற்று மகாதமனியிலோ ஒரு துணிக்குழாயைத் தற்காலிக வாசலாகத் தைத்து, அதன் வழியே ஏற்ற வேண்டி வருகிறது. மார்புக் குழாய் பெரிதாயிருப்பதால், முதியோரின் வயிற்றுத் தமனிக்கும் இடுப்புத் தமனிக்கும் உரிய சிறு துண்டுகளை எடுத்துப் பயன்படுத்திய நிபுணர்களும் உண்டு. இவையெல்லாம் யுக்திகள். தேர்ந்த கையில் அவை பலிக்கின்றன. அவற்றை முறையாக ஒப்பிட்டு நிறுவ ஆயிரம் குழந்தைகள் எங்கும் கிடைக்க மாட்டார்கள், கிடைக்கவும் வேண்டா.

இவ்வளவும் முதல் இரவின் இடுக்கண்கள். இவற்றைக் கடந்தபின் தோன்றுவதே என் எண்ணத்தில் உண்மையான பிரச்னை. பிள்ளை வளர்கிறான், குழாய் வளர்வதில்லை. பத்து வயதில் வைத்த குழாய் இருபது வயதில், இருபுறமும் அகன்றுவிட்ட தமனியின் நடுவே, ஓடை குறுகும் மதகைப்போல் நிற்கும். மதகுக்கு மேலே அழுத்தம் கூடும், கீழே குறையும். தலைக்கும் கைகளுக்கும் இரத்தக் கொதிப்பு, கால்களுக்கு ஓட்டக் குறைவு. பிறவியிலேயே மகாதமனி குறுகியிருக்கும் நோயை ஒத்த இந்நிலை மெல்ல, வலியில்லாமல், பெற்றோர் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகக்கூடியது. மற்றொரு பக்கம், தமனி அகன்றுகொண்டே போகக் குழாயின் பிடி தளர்ந்து, அது இடம் பெயரவும், ஓரத்தில் இரத்தம் கசியவும் இடமுண்டு. வளர்ச்சி நின்ற பிறகும் மகாதமனி ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே விரிந்துகொண்டிருப்பது எல்லார்க்கும் இயல்பு. முதியவருக்குப் பதினைந்து ஆண்டுகள் தாங்கினால் போதும் என்று செய்த பொருள், ஒரு சிறுவனுக்குள் அறுபது, எழுபது ஆண்டுகள் இருக்க வேண்டும். வருஷம் ஒன்றுக்கு இருதயம் மூன்று கோடிக்கு மேல் துடிக்கிறது என்பதை அதோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இதனால் திறந்த ரண சிகிச்சையே குழந்தைக்கு மேல் என்று வாதிப்பவர்களின் கட்சியை நான் முழுதும் ஏற்கவில்லை. டாக்ரான் குழாயும் வளர்வதில்லை. நேரடியாகத் தையலிட்டுச் சேர்க்க இயன்ற சிறு கிழிசலில் மட்டுமே அக்குறை நீங்கும். பிறவிக் குறுகலுக்காகச் செய்யப்பட்ட உறையிட்ட பிளாட்டின ஸ்டென்ட், பலூனால் விரிப்பது, நுழைவாய் குறுகியது, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பலூன் ஏற்றி, ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தக்கூடியது. வளரும் பிள்ளைக்கு அது மனத்துக்குகந்த மார்க்கமாகத் தோன்றினும், புதிதாகக் கிழிந்த சுவரில் பலூனை ஊதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். உள்ளடுக்கில் மட்டும் சிறு கீறல் விழுந்த குழந்தைக்கோ, குழாயே வேண்டாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் தானே ஆறியிருக்கும். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பலத்த காயங்களோடு வந்து மார்பைத் திறந்தால் தாங்காத பிள்ளைக்கு ஸ்டென்ட் குழாய் ஒரு பாலம் என்பதே நியாயமான முடிவு: இன்றைக்கு உயிரைக் காத்து, உடல் தேறி, வளர்ச்சி முடிந்த காலத்தில், தேவைப்பட்டால், நிதானமாகத் திட்டமிட்டு மறு சிகிச்சை செய்துகொள்ளலாம். பாலத்தைக் கட்டியவர் மறுகரையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுகரையின் செய்தி ஊர்ச் செய்தியாக மாறும் இடம் இது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எவராயினும் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்க வழி செய்தது. நெய்வேலிப் பொது மருத்துவமனையில் முதலுதவி பெற்ற பிள்ளையை, சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கோ, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கோ, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப மார்க்கமுண்டு. முதல் 48 மணியைப் பற்றி நாம் நன்றாகவே சிந்தித்திருக்கிறோம். அது சிறிய சாதனை அன்று. எஞ்சிய அறுபது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

நெய்வேலி ஒரு விசித்திரமான ஊர். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கும் இது சொந்த ஊர் என்று பத்திரம் இல்லை. தகப்பனாருக்கு 60 வயதாகி வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், நிறுவனம் தந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரிலோ, கடலூரிலோ, பூர்விக கிராமத்திலோ குடியேற வேண்டும். பிள்ளைகள் அதற்குள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருப்பார்கள். பத்து வயதில் குழாய் வைக்கப்பெற்ற சிறுவன் முப்பதில் எங்கே இருப்பான், அவனுடைய பழைய ஸ்கேன் படங்கள் எந்தப் பரணில் கிடக்கும் என்று எவரால் சொல்ல முடியும்? அவனைப் பரிசோதிக்கும் புதிய வைத்தியருக்கு அவன் உடம்பில் தழும்பு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. திறந்த ரண சிகிச்சையின் நீண்ட வடுவாவது தன் கதையைத் தானே சொல்லும், தொடையில் விழுந்த சிறு கீறல் எதையும் சொல்லாது.

ஒரு நுட்பத்தை மட்டும் இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். கிழிசல் இடக்கைத் தமனியின் வாயை ஒட்டி விழுவதால், குழாய் ஊன்றி நிற்க இடம் போதாமல், அந்த வாயையும் சேர்த்து மூடிவிட நேர்வது அடிக்கடி உண்டு. சுற்றுவழியாக இரத்தம் வந்து கை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அக்கையின் அழுத்தம் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, விவரம் அறியாத ஒருவர், வழக்கம்போல் இடக்கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தால், உண்மையில் ஏறியிருக்கும் கொதிப்பு சரியான அளவாகவே தோன்றும். ஆண்டுக்கணக்கில் அப்படியே தோன்றிக்கொண்டிருக்கும். வலக்கையில் பார்த்து, பிறகு காலிலும் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டால் மதகு குறுகிவிட்டதா என்பதை எந்தச் சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலும் ஐந்து நிமிஷத்தில் மோப்பம் பிடித்துவிடலாம். பல லட்சம் ரூபாய் விலையுள்ள குழாய்க்குக் காவலாக நிற்க, சில நூறு ரூபாய்ப் பட்டையும், எந்தக் கை என்ற அறிவும் போதும்.

ஆகவே, இத்தகைய குழாயைத் தாங்கிய பிள்ளையின் பெற்றோர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள கோப்பை இன்று எடுத்துப் பாருங்கள். குழாய் வைத்த தேதி, அதன் பெயர், விட்டம், நீளம், இடக்கைத் தமனியின் வாய் மூடப்பட்டதா இல்லையா, அழுத்தம் எந்தக் கையில் பார்க்க வேண்டும் என்ற ஆறு விவரங்களும் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்; இல்லையென்றால், அடுத்த தடவை போகும்போது வைத்தியரைக் கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில் அந்தக் கோப்பு ரேஷன் அட்டையோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒரே பெட்டியில் போகட்டும்.